சும்மா கொடுத்த பஸ்

பாமா அக்கா யாருக்காவது ஒன்றைச் சும்மா கொடுக்கும்போது உடனே கையை எடுக்கமாட்டார். கறிவேப்பிலைக் கொத்தோ, பழைய குடையோ, பலகாரத் தட்டோ, அதன் ஒரு முனை வாங்குகிறவர் கையில் இருக்கும், மறு முனை அக்காவின் கையிலேயே இருக்கும். அந்தச் சில விநாடிக்குள் ஒன்றைக் கேட்டுவிடுவார். "சும்மா கொண்டு போங்கோ. நாளைக்குக் கண்டிக்குப் போறியள்தானே, போஸ்ட் ஒபிசிலை இந்தக் கடிதத்தையும் போட்டு விடுறியளோ?" வாங்குகிறவர் தலையை ஆட்டுவார். அதன் பிறகுதான் விரல்கள் விடும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், அப்படி நின்ற பொருளை ஒருவரும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனதில்லை.

அவருடைய முழுப் பெயர் சத்தியபாமா. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் தபால் அதிபராக இருந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருந்த அவர்களுடைய வாடகை வீடு எரிந்தது. அடுத்த தெருவில் சித்தி றலியா என்கிற முஸ்லிம் பெண்ணின் வீட்டில் பதினொரு நாள் ஒளிந்திருந்தார்கள். பிறகு அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணம் போனார்கள், அண்ணன் பரமநாதன் கனடா போனார். பாமா அக்கா மட்டும் மூன்று மாதத்தில் திரும்பி வந்து, கண்டியில் தான் வேலை செய்த தேயிலை வியாபாரக் கந்தோரில் அதே கதிரையில் உட்கார்ந்துகொண்டார். சித்தி றலியாவின் மாடி அறைதான் அன்றிலிருந்து அவருக்கு வீடு.

மாடிக்குக் கீழே றலியா தாத்தாவின் கொமியுனிகேஷன் கடை. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். வெளிநாட்டுக்குப் பேசுவதற்கு இரண்டு பலகைக் கூண்டு, ஒரு போட்டோ கொப்பி மெஷின், பிறகு வந்த ஒரு கம்பியூட்டர். நான் மஹய்யாவயிலிருந்து பஸ்ஸில் வந்து அங்கே வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அது நல்ல வேலை. பேசுகிறவர்கள் பேசுவார்கள், நான் மீற்றரைப் பார்த்துக் காசு வாங்குவேன். பலகை மெல்லியது என்பதால் கேட்கக் கூடாததெல்லாம் கேட்கும்.

தொண்ணூற்றாறில் பாமா அக்காவின் கந்தோர் மூடப்பட்டது. கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய கம்பியூட்டரைக் கொடுத்தார்கள். மாடிப்படியில் அதைத் தூக்கி வந்தபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கந்தோர்க் கணக்குகளை அதில் பதிவதற்காக ஒரு காலத்தில் அவரை மூன்று மாத வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒன்றரை வருடம் மாடியிலேயே இருந்து, ஒரு விளையாட்டைச் செய்துவிட்டார்.

அதற்குப் பெயர் 'மிச்சக் காசு'. கட்டுகஸ்தோட்டையில் நீங்கள் பஸ் ஏறுகிறீர்கள். பத்து ரூபாய்த் தாளைக் கொடுக்கிறீர்கள். டிக்கட் நான்கு ரூபாய். கொண்டக்டர் தாளை வாங்கி, டிக்கட்டின் பின்பக்கம் 6 என்று எழுதித் தந்துவிட்டு, கூட்டத்துக்குள் மறைந்துபோகிறார். கண்டி மணிக்கூட்டுக் கோபுரம் வருவதற்குள் நெரிசலில் புகுந்து அவரைப் பிடித்து ஆறு ரூபாயை வாங்க வேண்டும். நீங்கள் முன்னால் போனால் அவர் பின்னால் போவார். ஒவ்வொரு ஹோல்டிலும் இறங்குகிற கூட்டம் உங்களையும் சேர்த்து வெளியே தள்ளப் பார்க்கும். தள்ளிவிட்டால் ஆட்டம் முடிந்தது, பஸ் போய்விடும், டிக்கட் மட்டும் கையில் இருக்கும். இந்த லைனில் பஸ் ஏறிய யாருக்கும் விளையாட்டை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

விளையாட்டை விலைக்கு விற்கலாம் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. "காசு குடுத்து ஒருத்தரும் வாங்க மாட்டினம். ஒருத்தன் வாங்கினா மற்ற பத்துப் பேர் அவனிட்டைக் கொப்பி அடிப்பினம். அதை நானே சும்மா குடுத்திட்டா எனக்குத்தானே மரியாதை" என்றார். பிளொப்பியைக் கொண்டுவந்தால் கடையில் நான் பதிந்து கொடுப்பேன். பதிகிற கூலி ஐந்து ரூபாய் கடைக்கு. கம்பியூட்டர் வகுப்புகள் தெருவுக்கு ஒன்று திறந்திருந்த காலம் அது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பிளொப்பியோடு வரிசையில் நின்றார்கள்.

"உங்கட சும்மாவுல எனக்குத்தான் லாபம் ஈக்கிது" என்றார் றலியா தாத்தா. "நீங்க என்னத்தத் தின்னப் போறீங்க?"

"பொறுங்கோ. குடுத்தது எங்கையாவது சுத்தித் திரும்பி வரும்."

"குடுத்தது கனடாவுலருந்து வருதே, உங்கட நானா அனுப்புற காசு. அது மட்டுந்தான் வருது."

அந்தப் பேச்சு பாமா அக்காவுக்குச் சுட்டது. அண்ணனுடைய காசில் சாப்பிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அண்ணனுக்கும் அவர் இங்கே இருப்பது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போன் எடுப்பார். தொண்ணூற்றெட்டுத் தையில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு, வாரத்துக்கு இரண்டு தடவை எடுத்தார். அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் பேச்சு முற்றிவிட்டது. ரிசீவருக்குள்ளிருந்து அண்ணனுடைய குரல் கூண்டைத் தாண்டி வந்தது.

"எடி பாமா, குண்டு வெடிக்கிற ஊரிலை தனிய இருந்து என்ன செய்யிறாய்? போர்ம் எல்லாம் ரெடி. வந்து பிள்ளையளோடை இரு."

"உங்கட பிள்ளையளுக்குச் சோறு தீத்தவோ? எனக்கு இங்கை வேலை இருக்கு அண்ணை."

"என்ன வேலை? சும்மா குடுக்கிறது ஒரு வேலையோ?"

அக்கா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தார்.

"சரி, கேள்" என்றார் பரமநாதன். "வாற டிசம்பர்லை நான் வாறன். அந்த டிசம்பர் மாசத்திலை, நீ கந்தோரிலை எடுத்த சம்பளம் இந்த விளையாட்டாலை உன்ர கைக்கு வரோணும். மூவாயிரத்து அறுநூறு. நான் உனக்கு அனுப்புற காசு அதிலை ஒரு சதமும் சேரக் கூடாது. வந்திட்டா நான் வாய் திறக்கன். வரேல்லையெண்டா நீ சூட்கேஸோடை நிக்கோணும். றலியாவைக் கூப்பிடு, அவதான் சாட்சி."

றலியா தாத்தா ரிசீவரை வாங்கிச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். அன்றைய பேச்சை அண்ணனே எடுத்திருந்ததால் கடைக்கு வருமானமும் இல்லை.

முதலில் பாமா அக்கா தபால் முத்திரையை நம்பினார். ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு வசனம் வரும். 'இது இலவசம். பிடித்திருந்தால் பாவிக்காத முத்திரை ஒன்றை இந்த விலாசத்துக்கு அனுப்புங்கள்.' கடிதங்கள் வரத்தான் செய்தன. வேறு கடிதத்திலிருந்து உரித்த முத்திரையை ஒருவர் அனுப்பினார், தபால் கந்தோர் அடித்த சீல் அதில் பாதி நிலா மாதிரி இருந்தது. பேராதனையிலிருந்து ஒரு மாணவன் விளையாட்டில் ஏழு பிழைகளை நம்பர் போட்டு எழுதி, முத்திரையை மறந்துவிட்டான். கடுகண்ணாவையிலிருந்து ஒரு தகப்பன் தன் மகனின் சாதகக் குறிப்பை அனுப்பி, விளையாட்டுச் செய்தவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தார். மகனுக்கு இருபத்தாறு வயது. பாமா அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு. அந்தக் குறிப்பைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருந்தார். நான்கு மாதத்தில் சேர்ந்த முத்திரை முப்பத்தொன்று.

வைகாசியில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் உண்மையிலேயே ஒரு சோதனைச் சாவடி இருந்தது, எல்லா பஸ்ஸும் அங்கே நிற்கும். அக்கா தெருவை உள்ளபடியே கீறியிருந்ததால் விளையாட்டிலும் அது இருந்தது. பீப்பாய், தடி, பச்சைப் புள்ளிகளால் செய்த சுண்டுவிரல் நகம் அளவான ஒரு ஆமிக்காரர். பஸ் அரை நிமிடம் நிற்கும். சார்ஜன்ட் திரையில் விரலை வைத்து, இது யார் என்று சிங்களத்தில் கேட்டார். ஆமிக்காரர் என்றார் அக்கா. ஏன் போட்டாய் என்றார். பாலத்தடியில் நிற்கிறாரே ஐயா என்றார் அக்கா. நான் மெஷினுக்குப் பேப்பர் எடுக்கிற சாட்டில் பின்பக்கம் போய் நின்றேன். ஆமிக்காரரை எடுத்துவிடு, ஒரு கிழமையில் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

எடுத்துவிட்டார். பீப்பாயையும் தடியையும் கூட எடுத்துவிட்டார். ஆனால் பஸ் நிற்பதை மட்டும் மாற்றவில்லை. பாலத்தடியில் ஒருவரும் இல்லாத தெருவில், ஒரு காரணமும் இல்லாமல், அரை நிமிடம் பஸ் நின்றது. பயணிகள் ஒருவரும் அசையவில்லை. சார்ஜன்ட் வந்து அதை இரண்டு தடவை பார்த்தார். இப்போது சரி என்றார். அவர் முகத்தில் ஏதோ வந்து போனது, சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காசு வந்த வழி அடுத்த மாதம் தானாக நடந்து கடைக்குள் வந்தது. புடவைக்கடைப் பொன்னுத்துரை முதலாளி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, என்ர பேரன் கம்பியூட்டர் வகுப்பிலை பஸ் ஒண்டு ஓடுறான். அந்த ரோட்டிலை இரும்புக்கடை நடராஜாவின்ர கடை நிக்குது. என்ர கடை எங்கை?"

"அவற்றை போர்ட் சிவப்பு ஐயா. எனக்குச் சிவப்புக் கீறுறது லேசு. அதாலை போட்டனான்."

"பக்கத்துக் கடை என்ரையெல்லோ? அதிலை வெறும் மதில் நிக்குது. எண்பத்து மூண்டிலை அவங்கள் பெற்றோல் ஊத்தி எரிச்சாங்கள், நான் திரும்பக் கட்டினன். நீங்கள் நெருப்புக்குச்சி ஒண்டும் இல்லாமலே கடையை அழிச்சுப்போட்டியளே, பிள்ளை."

பாமா அக்கா ஒரு பிளொப்பியை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் பிடித்தார். அக்கா விடவில்லை.

"உங்கட கடையையும் போட்டு விடுறன் ஐயா. பேர் எழுதின போர்டோடை. மாசம் ஒரு சின்னக் காசு தாங்கோ."

"எவ்வளவு?"

"எந்த இடத்திலை எண்டதைப் பொறுத்தது."

மறு நாள் மாடியில் ஒரு பேப்பரில் தெருவை நீளமாகக் கீறி விலை போட்டார். இங்கேதான் ஒரு பிழை விட்டார். கண்டியில் கடை வாடகை எப்படியோ அப்படியே விளையாட்டிலும் விலை வைத்தார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் உண்மையில் வாடகை மிக அதிகம், ஆகவே அந்தப் போர்டுக்கு ஐந்நூறு. சந்திகளில் இருநூறு. தெரு ஓரத்தில் நூற்றைம்பது. சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் யாராவது கடை போடுவார்களா? பாலத்தடிக்கு நூறு. பொன்னுத்துரை முதலாளி விலையை மேலிருந்து கீழ்வரை வாசித்து, மலிவானதை எடுத்தார்.

அதைக் கேள்விப்பட்டு நடராஜா முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்தார். இதுவரை அவருடைய கடை சும்மாதான் நின்றது. இனிமேல் காசு என்றதும் அவர் கோபிக்கவில்லை. "அவரு நூறு ரூபாய்க்காரர். எனக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தக் குடுங்க. டவுன்ல கடை இருக்கிற மாதிரி ஒரு கெத்தா இருக்கட்டும்" என்று ஐந்நூறை எண்ணி வைத்தார். பிறகு பேக்கரி வந்தது, கண்ணாடிக் கடை வந்தது, இரண்டு டியூஷன் வகுப்பு வந்தன. மாதா மாதம் விளையாட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்வார். ஒரு மாதம் கோழி கொண்டுவரும் பயணி, ஒரு மாதம் நித்திரை தூங்கி விழுபவர். அதைப் பார்க்கப் பிள்ளைகள் பிளொப்பியோடு திரும்பி வருவார்கள், புது போர்டுகளும் அவர்களோடு வீடு வீடாகப் போகும். ஆவணியில் ஆயிரத்துத் தொளாயிரம் ரூபாய் சேர்ந்தது.

ஆனால் நடராஜா முதலாளி முகம் வாடி வந்தார்.

"அக்கா, ஒரு மாசமா எவனும் கண்டிக்கே வந்து சேரலைங்க. நானே நாப்பது தரம் விளையாண்டு பாத்துட்டேன். மஹய்யாவயில எல்லாப் பயலும் தள்ளி விட்டுர்றானுங்க. என் போர்ட நானே இன்னும் பாக்கலைங்க."

உண்மைதான். மணிக்கூட்டுக் கோபுரம் வரை போகக் கூடியவர்கள் இந்த ஊரில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அதேநேரம் பாலத்தடியில் ஒவ்வொரு ஆட்டத்திலும் பஸ் அரை நிமிடம் நின்றது. ஆமிக்காரரையும் பீப்பாயையும் எடுத்துவிட்டதால், அந்த அரை நிமிடத்தில் பார்ப்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. பொன்னுத்துரை புடவையகம். நூறு ரூபாய்க்கு. தெருவில் போகிற பிள்ளைகள் அவரைக் கண்டதும் பஸ் மாதிரி நின்று காட்டிவிட்டு ஓடினார்கள். அவர் குடையை ஆட்டிச் சிரித்தார்.

"அந்தக் கொண்டக்டரக் கொஞ்சம் நல்லவனா ஆக்குங்க" என்றார் நடராஜா முதலாளி. "எல்லாரும் காசு வாங்கிக்கிட்டு நிம்மதியா கண்டிக்கு வரட்டும். இல்லன்னா நான் நிப்பாட்டிக்கிறேங்க. பேக்கரிக்காரரும் அதத்தான் சொல்றாரு."

ஐந்நூறும் பேக்கரியும் போனால் டிசம்பரில் சூட்கேஸ்தான். பாமா அக்கா இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் புரட்டாதிப் பதிப்பைக் கொண்டுவந்தார். அதில் கொண்டக்டர் தானே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சிரித்து, ஆறு ரூபாயைக் கையில் வைத்தார். பயணிகள் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நடராஜா முதலாளியின் போர்ட் பளபளவென்று நின்றது.

பத்து நாளில் பிளொப்பி வரிசை நின்றுபோனது. வந்தவர்களும் குறை சொல்லத்தான் வந்தார்கள். ஒரு பிள்ளை, "இது எந்த நாட்டு பஸ் அன்டி?" என்று கேட்டது. இன்னொரு பிள்ளை பழையதைத் திரும்பப் பதிந்து தரச் சொன்னது. பார்க்க ஆள் இல்லாத போர்டுக்கு எதற்குக் காசு என்று கண்ணாடிக் கடை விலகியது.

"கெட்டவன நல்லவனாக்கினா கடைய மூட வேண்டியதுதான்" என்றார் றலியா தாத்தா. "எனக்கும் ஒரு கிழமையா பிளொப்பிக் கூலி இல்ல. சூட்கேஸ் பரண்ல ஈக்கிது, எறக்கவா?"

"எறக்குங்கோ" என்றார் பாமா அக்கா. பகிடியாகச் சொல்லவில்லை. அன்று நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீர் அப்படியே ஆறிப்போனது.

இரண்டு நாளில் சேதுராமன் வந்தான். மஹய்யாவயில் எங்கள் வீட்டு வரிசையில் நான்கு வீடு தள்ளி இருப்பவன், இந்த லைன் பஸ்ஸில் கொண்டக்டர். தோல் பையைத் தோளில் போட்டபடியே வாசலில் நின்றான். நான் மேசைக்கடியில் விழாத பேனாவைத் தேடினேன்.

"அந்த கேம் செஞ்சது யாருங்க?"

பாமா அக்கா எழுந்து நின்றார். "நான்தான்."

"ஆறு மாசமா ஸ்கூல் புள்ளைங்க என்னப் பாத்து மிச்சக் காசு, மிச்சக் காசுன்னு கத்துதுங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப புதுசு ஒண்ணு விட்டிருக்கீங்களாமே, அதுல கொண்டக்டர் தானா வந்து காசு குடுக்கிறானாம்."

"ஓம். உங்களுக்குச் சந்தோசந்தானே?"

"எப்பிடிங்க சந்தோசம்? பழசுல என்னத் திருடன்னீங்க. சரி, தொழில்னா நாலு பேச்சு வரும். புதுசுல மடையன்னுட்டீங்களே. நேத்து ஒரு அம்மா அம்பது சதத்தக் கேட்டு, அந்த கேம்ல இருக்கிறவன் மாதிரி சிரிச்சுக்கிட்டே குடுங்கன்னு சொல்லுது. டிரைவர் ஸ்டியரிங்கு மேல விழுந்து சிரிக்கிறாரு."

றலியா தாத்தா முக்காட்டால் வாயைப் பொத்தினார். பாமா அக்கா சிரிக்கவில்லை. ஒரு பிளொப்பியை எடுத்து நீட்டினார். சேதுராமன் ஏன் என்று தெரியாமலே பிடித்துக்கொண்டான்.

"இதைச் சும்மா கொண்டு போங்கோ தம்பி. ஆனா ஒண்டு சொல்லுங்கோ. மிச்சக் காசை நீங்கள் உண்மையிலை எப்பிடிக் குடுக்காமல் விடுறனீங்கள்?"

அவன் கதவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பிளொப்பி இரண்டு கைக்கும் நடுவில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன பிறகுதான் அது அவனுக்குக் கிடைத்தது.

ஞாயிறு கடை பஸ்ஸானது. கதிரைகளை இரண்டு வரிசையாகப் போட்டோம். றலியா தாத்தா பயணி, நான் நெரிசல். சேதுராமன் பையை மாட்டிக்கொண்டு நடந்து காட்டினான். பின் கதவில் ஏறியவரிடம் காசு வாங்கிவிட்டு முன் கதவுக்குப் போய்விடுவது. "சில்லறை இல்ல, எறங்கும்போது கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்குகிற நேரம் பார்த்து மணி அடிப்பது. எல்லாவற்றிலும் பெரிய வித்தை கடைசியில் வந்தது. ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேருடைய மிச்சத்தையும் கூட்டி ஒரே தாளாக ஒருவர் கையில் கொடுத்து, "ரெண்டு பேரும் பிரிச்சுக்கங்க" என்று சொல்லிவிடுவது. சண்டை அவர்களுக்குள் நடக்கும், கொண்டக்டர் அடுத்த டிக்கட்டைக் கிழித்துக்கொண்டிருப்பார். றலியா தாத்தாவின் ஆறு ரூபாயை இப்படி என் கையில் கொடுத்தான். அவர் உண்மையாகவே கோபித்து என் பின்னால் வந்தார்.

"இதுல எதையும் நான் சொன்னதா இருக்கப்படாது" என்றான் போகும்போது. "அந்தப் படத்துல மீச இருக்கு. அத மட்டும் எடுத்துருங்க."

அவனுக்கு மீசை இருந்தது.

கார்த்திகையில் வந்த பதிப்பில், வேண்டுமானால் நீங்களே கொண்டக்டராக ஆடலாம். பஸ்ஸில் முப்பது பேர் உங்களைத் துரத்துவார்கள், "மல்லி, இதுரு சல்லி" என்று சிங்களத்திலும் தமிழிலும் மிச்சம் கேட்பார்கள். கண்டி வருவதற்குள் எவ்வளவு காசைக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கெட்டித்தனம். பயணியைத்தான் வழியில் தள்ளிவிடலாம், கொண்டக்டரை யாரும் தள்ளிவிட முடியாது. ஆகவே ஆடுகிறவர்கள் எல்லாரும், ஒருவர் மிச்சமில்லாமல், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நடராஜா முதலாளி மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். பிளொப்பி வரிசை பேக்கரி வரை போனது. மஹய்யாவயில் பெரிய மனிதர்கள்கூட வகுப்புப் பிள்ளைகளைக் கெஞ்சி உட்கார்ந்து ஆடினார்கள். வாழ்நாள் முழுக்க ஏமாந்தவர்கள் ஒரு தடவை ஏமாற்றிப் பார்க்க ஆசைப்பட்டது நியாயந்தானே.

கண்ணாடிக் கடை திரும்பி வந்தது. பாலத்தடியின் விலை இருநூற்றைம்பதாக ஏறியது, பொன்னுத்துரை முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். டிசம்பர் பதினைந்தாம் திகதி றலியா தாத்தா கூட்டிப் பார்த்தார். மூவாயிரத்து முந்நூற்றைம்பது. மூவாயிரத்து அறுநூறுக்கு இருநூற்றைம்பது குறைவு. கேட்கக் கூடிய எல்லாக் கடைகளிலும் கேட்டாயிற்று.

பதினெட்டாம் திகதி பரமநாதன் வந்தார். பெரிய குளிர்ச் சட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு, வியர்த்து, நல்ல மனிதராகத்தான் இருந்தார். எனக்கும் ஒரு சொக்கலேட் பெட்டி கொண்டுவந்தார். கணக்கைக் கேட்டதும் தங்கையின் தலையைத் தடவி, "கெட்டிக்காரிதான். ஆனா குறையுதே. கதைச்சது கதைச்சதுதான்" என்றார். அடுத்த நாள் டொலர் மாற்றக் கண்டிக்குப் போனார். திரும்பி வரும்போது வாடகை வான் பிடிக்காமல் பழைய நினைவில் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கடைக்குள் வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நூறு ரூபாய் குடுத்தன். மிச்சத்தை வேறை ஒரு ஆளின்ர மிச்சத்தோடை சேத்து அந்தாளின்ர கையிலை குடுத்திட்டான். அந்தாள் வத்தப்புளுவையிலை இறங்கி ஓடிட்டுது. கேட்டா, ரெண்டு பேரும் பிரிக்கச் சொன்னனே எண்டு சொல்லுறான்."

"மீச இருந்திச்சா?" என்று கேட்டார் றலியா தாத்தா.

பாமா அக்கா கதிரையை இழுத்து, கம்பியூட்டருக்கு முன்னால் அவரை உட்கார வைத்தார். அண்ணன் கொண்டக்டராக ஆடினார். இடியப்பம் ஆறியது. மூன்றாவது மணித்தியாலத்தில் பஸ்ஸில் இருந்த முப்பது பேரையும் ஏமாற்றிக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்து, கதிரையில் சாய்ந்தார். அப்போதுதான் தெருவைப் பார்த்தார்.

"இது பொன்னுத்துரையின்ர கடையெல்லோ? அட, நடராஜாவும் நிக்கிறான். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலை. அவன் என்னோடை படிச்சவன், கணக்கிலை முட்டை." திரைக்குக் கிட்டக் குனிந்தார். "பாமா, என்ர கடையைப் போட மாட்டியோ?"

ரொறொன்ரோவில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அதைக் கட்டுகஸ்தோட்டையில் ஒருவரும் பார்த்ததில்லை.

"ரோட்டிலை இடமில்லை அண்ணை."

"பஸ்ஸுக்குள்ளை?"

அக்கா யோசிப்பது போல் நின்றார். "டிரைவருக்கு மேலை, சாமிப் படங்களுக்குப் பக்கத்திலை ஒரு இடம் இருக்கு. ஆட்டம் முழுக்கத் தெரியும். அது விலை கூட. முந்நூறு."

"முந்நூறு ரூபாயோ, டொலரோ?" என்று சிரித்து, பொக்கற்றிலிருந்து எடுத்து வைத்தார். கடைக்காரர் என்பதால் ரசீதும் கேட்டார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'விளம்பரப் பலகை, டிசம்பர் மாதம், ரூபாய் முந்நூறு.'

ரோட்டில் இடமில்லை என்று அக்கா சொன்னது பொய். வத்தப்புளுவைச் சந்திக்குக் கொஞ்சம் இப்பால் ஒரு மதில் வெறுமையாகவே இருந்தது, மாதா மாதம் அதைப் பார்த்தவள் நான். தெரு ஓரத்துக்கு விலை நூற்றைம்பது. அது போதாது. நான் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

முப்பத்தோராம் திகதி மாலை றலியா தாத்தா எல்லார் முன்னிலையிலும் கூட்டினார். மூவாயிரத்து அறுநூற்றைம்பது. பரமநாதன் முதலில் கை தட்டினார். பிறகுதான் விளங்கியது.

"நில்லுங்கோ. அதிலை என்ர காசும் இருக்கு. என்ர காசு சேரக் கூடாதெண்டு சொன்னனான்."

"தங்கச்சிக்கு அனுப்புற காசு சேரக் கூடாதெண்டுதான் சொன்னீங்க. நான்தான் சாட்சி" என்றார் றலியா தாத்தா. "இத நீங்க தங்கச்சிக்குக் குடுத்தீங்களா, போர்டுக்குக் குடுத்தீங்களா? ரசீதுல என்ன ஈக்கிது, வாசிங்க."

அவர் ரசீதை எடுத்து வாசித்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இரண்டு நாள் அந்த விஷயத்தை விடாமல் பேசினார். சாப்பிடும்போது பேசினார், பல் தீட்டும்போது பேசினார். பொன்னுத்துரை முதலாளியிடம் போய் நியாயம் கேட்டார். "தம்பி, போர்ட் தெரியுதோ இல்லையோ?" என்று அவர் கேட்டார். தெரிகிறது என்றார். "பிறகென்ன?" என்றார் முதலாளி. மூன்றாம் நாள் பரமநாதன் சூட்கேஸில் கித்துள் பாணியும் மாசிக் கருவாடும் கட்டிக்கொண்டு, வந்த மாதிரியே தனியாகப் போனார். போகும்போது தை மாதத்துக்கும் முந்நூறு வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் கெட்ட காலங்கள் வந்தன. யுத்தம் திரும்பத் தொடங்கிய வருடத்தில் பொலிஸ்காரர்கள் இரண்டு தடவை வந்து கம்பியூட்டரைத் திறந்து பார்த்தார்கள். ஒரு தடவை அக்காவின் அடையாள அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். பாமா அக்கா திரும்பி வந்து குளித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பிளொப்பி போனது, சீடி வந்தது, அதுவும் போனது.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. இதுவரை ஒன்பது விளையாட்டுகளைச் செய்து சும்மா கொடுத்திருக்கிறார், கடைசி நான்கும் போனில் ஆடுபவை. விளம்பரங்கள் எங்கிருந்தோ தாமாகவே வருகின்றன, யாருடைய கடை என்று எங்களுக்குத் தெரியாது, விலை பேசவும் முடியாது. மாதக் கடைசியில் பாங்கிக்கு ஒரு தொகை வருகிறது. அதில் மாடி வாடகை, கரண்ட் பில், காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை வருகிற எனக்கு ஒரு சம்பளம், இவ்வளவும் கொடுத்து அவருடைய சாப்பாட்டுக்கும் மட்டுமட்டாகப் போதும். மருந்துச் செலவு வந்த மாதங்களில் போதாது.